ஃபில்டர் இருந்த இடம்

என் வீட்டுக்காரர் இனிமேல் கார் ஓட்டலாமா கூடாதா என்பதை ஒரு ஆயில் ஃபில்டர் முடிவு செய்யட்டும் என்று சொன்னவள் நான்தான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, மகனும் கேட்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் இன்னும் நீளும்.

மகன் முத்தமிழ்செல்வனுக்கு ஓசூரில் வேலை. அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கி ஒளித்து வை என்று போனில் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இந்தாடா, அந்தக் காருக்கு இன்னைய வரைக்கும் ஆயில் மாத்துறது அந்த மனுசன்தான். நீ வந்து பக்கத்துல நில்லு. உன் கண்ணு முன்னாடி ஆயில எறக்கி, ஃபில்டர மாத்தி, வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டாருன்னா வண்டி இங்கதான் நிக்கும். அதுக்கப்புறம் சாவி கீவின்னு நீ வாயத் தொறக்கக் கூடாது."

"செய்யலன்னா?"

"செய்யலன்னா நீயே எடுத்துக்கிட்டுப் போ."

சொல்லி வைத்த பிறகுதான் எவ்வளவு பெரிய பந்தயம் என்று உறைத்தது. ஆனாலும் ஒரு தைரியம். திருச்சியில் அவரைப் பார்த்த டாக்டரம்மா, "கை பழகுன வேலை எல்லாத்துக்கும் கடைசியாத்தாம்மா போகும்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மீதியெல்லாம் என் காதில் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் என்றால் ஆலத்தியூர்ப் பக்கம் இன்னும் நாலு பேருக்குத் தெரியும். சிமெண்ட் கம்பெனிச் சுரங்கத்தில் கல் அள்ளும் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அரியலூரில் செந்துறை ரோட்டோரம் எங்கள் வீடு. வாசலில் நிற்கும் வெள்ளை நிறச் சின்னக் காரை வேறு யாரையும் தொட விடமாட்டார். அவரே அடியில் படுத்து ஆயிலை மாற்றுவார். இறக்கிய பழைய ஆயிலைக் கரையான் ஏறாமல் இருக்க ஆட்டுக் கொட்டகைக் கால்களில் பூசுவார். டார்ச் பிடிப்பது என் வேலை. கொஞ்சம் கை அசைந்தாலும் "நேரா புடி தனம்" என்று அடியிலிருந்து குரல் வரும். சம்பளம் இல்லாத டார்ச்சுக்காரி என்று நான் முணுமுணுப்பேன். அவருக்குச் சிரிப்பு வரும்.

அந்த மனிதர் சாப்பிட்டதை மறக்க ஆரம்பித்தார். பிறகு மறந்ததையும் மறந்தார். போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இதெல்லாம் வீட்டுக்குள் நடப்பது, நான் சமாளித்துக்கொண்டேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பால் வாங்கி வருகிறேன் என்று காரில் போனவர் திரும்பவில்லை. பெரம்பலூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் செந்தில்குமார்தான் போன் செய்தான். ஊருக்கு வெளியே ரோட்டோரமாகக் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். "எங்க பெரியப்பா வந்தீங்க?" என்றதற்கு "சும்மாதான்" என்றாராம். வழி தப்பிப் போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. அன்றிலிருந்துதான் மகன் சாவியைக் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தான்.

சாவி போய்விட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? அந்தக் காரைத் துடைப்பதற்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால் முகம் பழைய முகமாகிவிடும். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டு நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால்தான் சண்டை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் புது ஃபில்டரும் ஆயில் கேனும் இருந்தன.

"எப்படா வந்த?" என்றார் அவர்.

"இப்பத்தாம்ப்பா."

இட்லி சாப்பிடும்போது மறுபடியும் "எப்படா வந்த?" என்றார். மகன் என்னைப் பார்த்தான். நான் சட்னியைப் பார்த்தேன்.

ஆனால் ஆயில் மாத்தலாமா என்று கேட்டதும் மனிதர் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஷெட்டில் போடும் பழைய காக்கி நிஜாரை அவரே தேடி எடுத்து மாட்டினார். முன் சக்கரம் ஏறி நிற்பதற்கான இரும்புச் சாய்மானங்களை இழுத்து வந்து அளவு பார்த்து வைத்தார். மகன் காரை அதன்மேல் ஏற்றும்போது, "வலது ஒடி, போதும், நிறுத்து" என்று கை காட்டினார். பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். நான் மகனை ஒரு பார்வை பார்த்தேன். எப்படி என்ற பார்வை அது.

தார்ப்பாயை விரித்துக் கீழே படுத்தார். பேசினைச் சரியான இடத்தில் தள்ளினார். ஸ்பானரை அளவு கேட்காமலே எடுத்தார். போல்ட்டைக் கடைசிச் சுற்று வரை விரலால் அழுத்திப் பிடித்தபடி திருகிச் சட்டென்று கையை எடுத்தார். கறுப்பு ஆயில் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் பேசினுக்குள் விழுந்தது. மகன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகம் இளகுவது எனக்குத் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஆயில் வடிந்ததும் போல்ட்டைத் திரும்பப் போட்டார். அப்புறம் ஃபில்டரைக் கழற்ற வேண்டும். கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு சின்ன டப்பாதான் அது. இந்தக் காரில் எஞ்சினுக்குப் பின்புறம், அடியில் இருக்கிறது. படுத்த வாக்கில் கையை மேலே விட்டால்தான் எட்டும். எத்தனையோ தடவை அந்த இடத்துக்கு நேராக டார்ச் அடித்திருக்கிறேன்.

அவர் அடியிலிருந்து வெளியே வந்துவிட்டார். முன்பக்கம் போய் பானெட்டைத் திறந்தார். நின்றபடியே முன்னால் குனிந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"என்னாங்க, பின்னாடில்ல இருக்கு?" என்றேன்.

"பின்னாடி என்னா இருக்கு? நீ டார்ச்ச நேரா புடி."

பிடித்தேன். அப்போதுதான் அவர் முழங்கையைப் பார்த்தேன். கையை உள்ளே விடும்போது முழங்கையை ஒரு பக்கமாக உயர்த்தி, எதன்மேலோ பட்டுவிடாமல் வளைத்து விட்டார். வெளியே எடுக்கும்போதும் அப்படியே வளைத்து எடுத்தார். அந்த இடத்தில் எதுவும் இல்லை. தடுக்க ஒரு குழாயோ கம்பியோ இல்லை. வெறும் இடத்தைச் சுற்றி அவர் கை வளைந்து போய் வந்தது.

குழாய் இருந்தது நீலக் காரில்.

எங்களுக்கு மூத்தது ஒரு பெண். ஹேமலதா. அவருக்கு எப்போதும் பாப்பாதான். பெரம்பலூரில் நர்சிங் படிக்கச் சேர்ந்தபோது, அவளை வாரா வாரம் கூட்டி வருவதற்கென்றே ஒரு பழைய நீலக் காரை வாங்கினார். எங்கள் முதல் கார். அதில் ஃபில்டர் முன்பக்கம் இருந்தது. அதை மறித்துக்கொண்டு புகைக் குழாய் போகும். முதல் தடவை தெரியாமல் சூட்டோடு கையை விட்டுச் சுட்டுக்கொண்டார். அந்தத் தழும்பு இன்னும் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. பாப்பாதான் மருந்து போட்டு விட்டாள். தான் கட்டுப் போட்ட முதல் நோயாளி அப்பாதான் என்று காலேஜ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். படிப்பு முடிகிற வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரம்பலூரில் தொடங்கியது, திருச்சியில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காரை வாசலில் பார்க்க முடியாமல் கொடுத்துவிட்டோம். இந்த வெள்ளைக் கார் வெகுநாள் கழித்து வந்தது. பாப்பா இதில் ஏறியதே இல்லை.

அவர் கை எந்தக் காருக்குள் துழாவுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மகனுக்குத் தெரியவில்லை. அப்போது அவன் பள்ளிக்கூடத்துப் பையன், இந்தச் சமாச்சாரமெல்லாம் அவனுக்கு நினைவிருக்காது.

"காணுமே தனம்," என்றார். நெற்றியில் வியர்வை வழிந்தது. "இங்கதானே இருந்துச்சு. யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க."

மறுபடியும் கையை விட்டார். மறுபடியும் முழங்கை வளைந்தது.

மகன் என் அருகில் வந்து மெதுவாக, "போதும்மா, விட்டுடு. எனக்கே பாக்க முடியல" என்றான்.

"நீ சும்மா இரு. இன்னும் முடியல."

அவர் தோளைப் பிடித்துத் தார்ப்பாயில் மறுபடி படுக்க வைத்தேன். அவர் பின்னாலேயே நானும் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடியில் நுழைந்தேன். என் உடம்புக்கு அது வேண்டாத வேலை. இருந்தாலும் நுழைந்தேன். ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது வெளியே நிற்பவனுக்குக் கேட்காது.

அவர் வலது கையைப் பிடித்தேன். எஞ்சினுக்குப் பின்புறமாக மேலே கொண்டுபோய் அந்த டப்பாவின் மேல் வைத்தேன். அவர் விரல்கள் அதை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தன. எனக்குத் தெரியும், இது ஏமாற்று வேலை. பந்தயம் கட்டியவளே கையைப் பிடித்துக் காட்டுவது. மகன் கேட்டால் ஆமாண்டா, காட்டினேன், என்ன இப்போ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"தனம், இது யாரு வண்டி?"

நம்ம வண்டிங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்தது நம்ம வண்டி நீலமாச்சே என்பார். நீலக் கார் எங்கே என்பார். அதை ஏன் கொடுத்தோம் என்பார். அந்தப் பதிலை நான் எப்படிச் சொல்வேன்?

"தெரிஞ்சவங்க வண்டிங்க," என்றேன்.

"மொதல்லயே சொல்ல வேணாமா? நான் பாட்டுக்கு நம்ம வண்டின்னு தேடிக்கிட்டு இருக்கேன்." அவருக்கு நிம்மதியாகிவிட்டது. "அடுத்தவங்க வண்டின்னா பாத்துல்ல செய்யணும். வெரசா முடிச்சுடுறேன். வெள்ளிக்கிழமல்ல இன்னிக்கு. பாப்பா காலேஜ் வாசல்ல நிக்கும்."

டார்ச் என் கையில் ஆடியது.

"நேரா புடி," என்றார்.

நேராகப் பிடித்தேன். அவர் ஃபில்டரைக் கையாலேயே திருகிக் கழற்றினார். அது உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்தார். புதியதன் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை ஒரு விரலால் தொட்டுத் தடவினார், குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி. பிறகு அதைப் பொருத்தி, ஸ்பானர் எதுவும் இல்லாமல், கையால் இறுக்கினார். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. நான் மல்லாந்து படுத்தபடி அழுதேன். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போயிற்று. அவர் வேலையில் இருந்ததால் பார்க்கவில்லை.

பால் வாங்கப் போனவர் வழி தப்பவில்லை. அந்தக் காலேஜ் அந்த ரோட்டில்தான் இருக்கிறது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். அவள் வருவாள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, யாருக்குத் தெரியும்.

வெளியே வந்து ஆயிலை ஊற்றினார். மகனை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அடியில் குனிந்து கசிவு பார்த்தார். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆச்சு" என்றார். பழைய ஆயில் பேசினைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போனார்.

மகன் காரை இறக்கி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"நீ சொன்னதுதாம்மா சரி. கொஞ்சம் தடுமாறினாரு, ஆனா செஞ்சுட்டாரு. வண்டி இங்கயே இருக்கட்டும். இனிமே நான் கேக்க மாட்டேன்."

இந்தச் சாவிக்காகத்தான் அவனோடு மல்லுக்கட்டினேன். மருமகள் எதிரில்கூட அவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது அவனே கொண்டுவந்து கொடுக்கிறான். சாவி சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். அப்புறம் அவன் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"எடுத்துக்கிட்டுப் போடா."

"ஏம்மா? அதான் செஞ்சுட்டாரே."

"செஞ்சுட்டாருதான். நீ எடுத்துக்கிட்டுப் போ. இன்னிக்கே போ."

"என்னம்மா சொல்ற நீ? எதுக்கு இம்புட்டு நாள் சண்ட போட்ட?"

"போன மாசம் பெரம்பலூருக்கு எதுக்குப் போனாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அக்காவக் கூட்டியாரவா?" என்றான்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குள் அவர் கொட்டகைப் பக்கமிருந்து வந்துவிட்டார். நேராக மகனிடம் போனார். எண்ணெய்க் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"தம்பி, வண்டி ரெடிங்க. ஊரு போயி எறங்குனதும் அடியில ஒரு தடவ குனிஞ்சு பாத்துக்கங்க. கசிவு தெரிஞ்சா கையாலயே லேசா இறுக்குங்க. ஸ்பானர் போட்டுடாதீங்க, ரப்பர் நசுங்கிடும்."

என் பிள்ளை அவரைப் பார்த்தான். காலையில் எப்படா வந்த என்று கேட்ட அப்பா அவர். நீலக் கார் நின்ற காலத்தில் இவன் அரை நிஜார் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டியவன். மீசை வைத்த இந்த ஆள் யாராக இருக்க முடியும்? வண்டிக்குச் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா என்று கூப்பிடுவான், எல்லாம் உடைந்துவிடும் என்று பயந்தேன். அவன் கூப்பிடவில்லை.

"சரிங்க," என்றான். "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க."

"பாத்துப் போயிட்டு வாங்க தம்பி. கல்லு லாரி நெறைய வரும்."

மகன் சாப்பிடக்கூட இல்லை. பையை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கார் கேட்டைத் தாண்டும்போது அவர் முன்னால் போய் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்து, வரலாம் என்று கை காட்டினார். வெள்ளைக் கார் டவுன் பக்கம் திரும்பி, தூசிக்குள் போய் மறைந்தது. வாசலில் இரும்புச் சாய்மானங்கள் மட்டும் கிடந்தன.

அவர் தொட்டியடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினார். உள்ளே போய் வேட்டி மாற்றி, சந்தன நிறச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அப்பாடா, அவுங்க வண்டி போயாச்சு," என்றார். "இனி நம்ம வண்டிய எடுப்போம். சாவி எங்க தனம்?"

நம்ம பொண்ணு செத்துப் போச்சுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்துவிடும். நாளைக்கு மறந்தும் விடுவார். ஆனால் இப்போது முதல் தடவை கேட்பது போலக் கேட்பார். திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் செய்தியைக் கேட்ட முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

"உள்ளதாங்க இருக்கும். பாத்து எடுத்தாரேன்," என்றேன்.

உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். இல்லாத சாவி என்று தெரிந்துதான் தேடினேன். வெளியே அவருக்குச் சத்தம் கேட்கட்டும் என்று டப்பாக்களை உருட்டினேன்.

"கெடைச்சுதா?"

"இல்லீங்க."

"நல்லா பாரு. நேரமாவுது."

கொஞ்ச நேரம் பொறுத்து அவரே உள்ளே வந்தார். பீரோவுக்குள் இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு, போய் டார்ச்சை எடுத்து வந்து என் தோளுக்கு மேலாக உள்ளே அடித்தார்.

"நான் நேரா புடிக்கிறேன்," என்றார். "நீ தேடு."

அவர் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. அந்த வெளிச்சத்தில் நான் தேடிக்கொண்டே இருந்தேன்.